சிவப்புச் சீட்டு கட்டிய புட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் நானும் மாப்பிள்ளையை எடை போட்டோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

மாப்பிள்ளை ஓர் எலி. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, வயதான ஆண். சமையலறைத் தராசின் மேல் பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு, அம்மா அவனை உள்ளே இறக்குவாள். அவன் விளிம்பில் முன்கால்களை ஊன்றி எட்டிப் பார்ப்பான். எண் ஆடும். அது நிற்கும் நொடியில் நான் படித்துவிட வேண்டும்.

"எவ்வளவுடி?"

"நானூத்தி நாப்பது. போன வாரமும் இதேதான்."

"ஏறலையா?"

"இறங்கலம்மா."

"இறங்கலைன்னாலே ஏறின மாதிரிதான். இல்லடா மாப்பிள்ளை?" என்று அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை வேலை முடிஞ்சதும் டாக்டர்கிட்ட இவன் மூத்திரத்தைக் கொடுத்துட்டு வந்துடறேன். நீ லீவெல்லாம் போட வேணாம்."

சரி என்றேன். தராசைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

அம்மா லாண்டரியில் வேலை செய்தாள். ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைப் போர்வைகளும் வந்து குவியும் பெரிய லாண்டரி. அப்பா இறந்த வருடம் முகப்பு மேஜையில் சீட்டு எழுதச் சேர்ந்தவள், பிறகு சலவை எந்திரங்களுக்கும், அங்கிருந்து எது என்ன கறை என்று பார்த்து எடுக்கும் கறை மேஜைக்கும் போனாள். கடைசிவரை கறை மேஜைதான். பேருந்தில் எதிரே நிற்பவரின் சட்டையைப் பார்த்துவிட்டு என் காதில், "அது மை இல்ல, மாதுளம்பழம்" என்பாள். சில சமயம் தப்பாகவும் சொல்வாள். ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ப்ளீச்சில் ஊறி ஊறி அவள் விரல்ரேகைகள் தேய்ந்துபோயின. லாண்டரியில் வருகைப்பதிவுக்கு விரல் வைக்கும் எந்திரம் வந்தபோது அது அம்மாவை யாரென்றே தெரியாது என்றது. எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்கு. "இத்தனை வருஷம் உழைச்சதுக்கு நான் ஆளே இல்லைன்னு சொல்லுது பாரு" என்று வந்து சொல்லிச் சிரித்தாள். அதன்பின் அவளுக்கு மட்டும் பொத்தானை அழுத்தி எண் போடும் ஏற்பாடு.

மாப்பிள்ளை வந்ததும் அந்த லாண்டரி வழியாகத்தான். ஒரு வாடிக்கையாளர் வீடு மாறப் போகிறேன், இரண்டு நாள் இருக்கட்டும் என்று முகப்பில் கூண்டை வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அவர் கொடுத்த தொலைபேசி எண்ணிலும் யாரும் எடுக்கவில்லை. லாண்டரியில் எதைக் கொடுத்தாலும் எண் போட்ட துணிச்சீட்டு ஒன்று கட்டிவிடுவார்கள். யாரும் கேட்டு வராத பொருளும் சீட்டோடு அலமாரியில் இருக்கும். கூண்டுக்கும் சீட்டுக் கட்டியிருந்தார்கள். அலமாரியில் வைக்க முடியாததால் அம்மா வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"வந்து கேக்கற வரைக்கும். கேக்கும்போது வந்ததைவிட நல்லா இருக்கணும். அதுதானே நம்ம தொழிலு."

மாப்பிள்ளை என்ற பெயர் எனக்காக வைத்தது. நான் கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன வருடம் அது. "நீ கொண்டு வரல. எனக்குன்னு ஒருத்தர் கூண்டோட வந்துட்டார். சொன்ன பேச்சு கேப்பார், சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டார்." வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்வாள். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

கூண்டுக்குள் விரிக்க, ஓட்டல்காரர்கள் கழித்துக்கட்டிய விரிப்புகளைச் சதுரமாக வெட்டி வைத்திருந்தாள். தினமும் மாற்றுவாள். ஆண் எலியின் சிறுநீர் மஞ்சளாகக் கறை விடும், நாற்றமும் அடிக்கும். துணியைத் தனி வாளியில் ஊறவைப்பாள். ஒரு நாள் மாலை ஆலையிலிருந்து நான் வந்தபோது குளியலறையில் ஒரு துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் பாரு."

"சுத்தமா இருக்கே."

"இன்னும் துவைக்கவே இல்லடி. நல்லா நனைஞ்சிருக்கு. ஆனா கறை இல்ல, வாடை இல்ல. பச்சைத் தண்ணி மாதிரி போறான். ஒரு வாரமா பாக்கறேன். தண்ணியும் நிறைய குடிக்கிறான்."

நான் குளிர்பான ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளப்பதுதான் வேலை. புட்டி ஒழுகுகிறது என்றேன். கூண்டில் தொங்கும் தண்ணீர்ப்புட்டியின் முனையில் ஒரு சிறு குண்டு இருக்கிறது. அது சரியாக உட்காரவில்லையென்றால் சொட்டும், துணி நனையும், குடித்ததாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

"இருக்கலாம். சோதிச்சுப் பாரேன். அதுக்குத்தானே படிக்க வெச்சேன்."

மாப்பிள்ளையை வேறொரு பெட்டிக்கு மாற்றிவிட்டு, நீர்மட்டத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, புட்டியை வெறுங்கூண்டில் தொங்கவிட்டோம். ஒரு பகல் முழுவதும் மட்டம் இறங்கவில்லை. மறுநாள் அவனைத் திரும்ப உள்ளே விட்டோம். அவன் உடம்புக்கு ஆகவேண்டியதைப் போல இரண்டு மடங்கு இறங்கியது. புட்டியின் மேல் குற்றமில்லை. எடை பார்த்தோம். கூண்டோடு வந்த காலத்தில் அரைக் கிலோவைத் தொட்டவனுக்கு இப்போது முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. முடி கலைந்து நின்றது. கண்ணோரம் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. இரத்தம் என்று பயந்தேன். அம்மா ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, "டாக்டர் சொல்லட்டும்" என்றாள்.

முதலில் போன இடத்தில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். இரண்டாவது இடத்தில் எலிக்கு வயதாகிவிட்டது, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள் என்றார்கள், கூண்டின் மூடியைத் திறக்காமலே. அம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் நின்றாள். "திறந்துகூட பாக்காம கறை போகாதுன்னு சொல்றவன்கிட்ட நான் வேலை கத்துக்கல" என்றாள்.

லாண்டரியின் இஸ்திரிக்காரர் அம்மாவோடு நெடுநாள் வேலை செய்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். "ஊரே எலியைக் கொல்ல மருந்து தேடுது. எங்க தங்கச்சி ஒருத்திதான் பொழைக்க வைக்கத் தேடுது" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். பிறகு ஓட்டலுக்குத் துணி எடுத்துப்போகும் வண்டிக்காரரிடம் விசாரித்து, முயலும் கிளியும் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் முகவரியை வாங்கித் தந்ததும் அவர்தான்.

அங்கே முகப்பிலிருந்த பெண், "பேரு?" என்றாள்.

"மாப்பிள்ளை."

"உங்க மாப்பிள்ளை பேரு இல்லம்மா. பேஷண்ட் பேரு."

"அதான் சொல்றேன். மாப்பிள்ளை."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "எனக்கு இல்லைங்க" என்றேன்.

டாக்டர் அம்மாவைவிட வயதில் சிறியவர். கூண்டைத் திறந்தார். பல் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், தோலைக் கிள்ளிவிட்டு அது திரும்பிப் படியும் வேகத்தைப் பார்த்தார். கண்ணோரச் சிவப்பு இரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னாலிருந்து ஊறுவது, உடம்பு சரியில்லாத எலிக்கு அது அதிகமாகும் என்றார். அம்மா கறை விழாத துணியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் முகர்ந்தும் பார்த்தார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"கிட்னியா இருக்கலாம். சர்க்கரையாவும் இருக்கலாம். ரெண்டுலயும் இப்படித்தான் தண்ணியா குடிக்கும். முதல்ல மூத்திரம் வேணும். விரிப்பு இல்லாத தட்டுல விடுங்க, போனதும் சொட்டுக்குழாயால எடுத்து புட்டியில போடுங்க."

மறுநாள் காலை அம்மா கொண்டுபோனாள். நானும் போனேன். டாக்டர் சோதனைப் பட்டையை நனைத்தார். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறியது, நன்றாகவே.

"சர்க்கரை காட்டுதே."

"இவனுக்கா? இனிப்பே கொடுக்கறது இல்லையே."

டாக்டர் வாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை. ஆலையில் இப்படி வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது, சோதனை மாதிரியை எடுத்த பாத்திரத்தை. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டரே கேட்டார்.

"தட்டை எதுல கழுவினீங்க?"

"வழக்கம்போலத்தான். சோப்பு போட்டு, ப்ளீச்சுல ஒரு முக்கு முக்கி..." அம்மா நிறுத்தினாள்.  பிறகு அவளே கேட்டாள்: "ப்ளீச்சா?"

"ப்ளீச் ஒட்டியிருந்தா பட்டை சர்க்கரைன்னு பொய் சொல்லும்மா."

அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். "புட்டியையும் முக்கினேன்" என்றாள். "அடைப்பையும்."

அன்று வீடு திரும்பும் வழியில் புதுத் தட்டு ஒன்றும் புதுப் புட்டியும் வாங்கி வந்தோம். கொதிநீரில் மட்டும் அலச வேண்டும். அது அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அலசி வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்து பார்ப்பாள், கை ப்ளீச் கேன் பக்கம் போகும். கடைசியில் கேனைத் தூக்கி என் அறையில் வைத்து, "இதை நான் கேட்டாலும் கொடுக்காதே" என்றாள்.

"கெஞ்சினா?"

"கெஞ்சினாலும். உங்கப்பாகிட்ட இருந்து சிகரெட்டை நான் இப்படித்தான் ஒளிச்சு வெச்சேன்."

இரண்டாவது மாதிரியில் சர்க்கரை இல்லை. புரதம் இருந்தது. ஆண் எலிக்குக் கொஞ்சம் புரதம் இயல்பாகவே போகும், இது அதையும் தாண்டி இருக்கிறது என்றார் டாக்டர். பிறகு ஒரு துளியைக் கண்ணாடிமேல் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் குழலை என்னிடம் நீட்டினார். ஆலையில் பானத்தின் இனிப்பை அளக்க நான் தினமும் பார்க்கும் கருவியின் தம்பி. கோடு கீழேயே நின்றது. அவ்வளவு நீர்த்திருந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"பச்சைத் தண்ணி" என்றாள்.

"ஆமாம்மா. நீங்க சொன்னதுதான். ஆனா ரத்தத்துலயும் பாத்தாதான் நான் உறுதியா சொல்ல முடியும். லேசா மயக்கம் கொடுத்து எடுக்கணும். வயசானவன். கொஞ்சம் ஆபத்து இருக்கு."

அம்மா கூண்டின் கம்பிக்கு வெளியே வந்திருந்த மூக்கை விரலால் தொட்டாள். "எடுக்கலைன்னா?"

"ஊகத்துலதான் பாக்கணும்."

"எடுங்க."

அவன் கண்விழிக்கும்வரை கதவருகே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "நின்னே பழக்கம்" என்றாள்.

இரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் தேங்கியிருந்தன. வயதான எலிகளுக்கு இது சகஜம் என்றார் டாக்டர்.

"சகஜம்னா? விட்டுடலாம்னு அர்த்தமா?"

"இல்லம்மா. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும்னு அர்த்தம். சரியாகாது. ஆனா மெதுவாக்கலாம்."

புரதம் குறைந்த உணவு. முட்டை கிடையாது. தண்ணீர்ப்புட்டி இரண்டு, ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை. ஒரு மாதம் கழித்து மறுபடி சிறுநீர். புரதம் குறைந்திருந்தால் உணவு வேலை செய்கிறது, இல்லையென்றால் மருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த மாதம் அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. முட்டை கேட்டு மாப்பிள்ளை கம்பியைக் கடித்தபோது, வீட்டில் யாருக்கும் முட்டை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். நானும் சாப்பிடவில்லை. எடை இறங்குவது நின்றது. துணியில் மறுபடி மஞ்சள் தெரிகிறதா என்று தினமும் வெளிச்சத்தில் பார்த்தாள். தெரிகிற மாதிரி இருக்கிறது என்பாள், மறுநாள் இல்லை என்பாள். "கண்ணால பாத்தது போதாது. அந்தப் பட்டை சொல்லட்டும்" என்று செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் ஆலையில் இருந்தேன். இஸ்திரிக்காரர்தான் போன் செய்தார். கறை மேஜையில் ஒரு மேஜைவிரிப்பை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "'இது காபி இல்லண்ணே, டீ'ன்னு சொல்லுச்சும்மா. நான் பெட்டியை வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள கீழ உக்காந்துருச்சு." மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. வலி தெரிந்திருக்காது என்றார்கள் மருத்துவமனையில். அதை யாரும் அளந்து சொல்லவில்லை. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில் புதுப் புட்டி நின்றது. அடியில் இளமஞ்சளாகக் கொஞ்சம் சிறுநீர். மாலையில் வந்து எடுத்துப்போக, செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் எடுத்து வைத்திருக்கிறாள். கழுத்தில் லாண்டரியின் துணிச்சீட்டு கட்டியிருந்தாள். சிவப்பு. அங்கே சிவப்புச் சீட்டுக் கட்டினால் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மஞ்சள்தான் என்று தோன்றியது. ஆனால் இத்தனை நாள் பழையதில் எதை அளந்தாலும் நம்ப முடியாது. கொட்டினேன். புட்டியையும் தட்டையும் கொதிநீரில் அலசினேன். ப்ளீச் கேன் இன்னும் என் அறையில்தான் இருக்கிறது.

விரிப்பில்லாத தட்டின்மேல் மாப்பிள்ளையை விட்டேன். அவன் மூலைக்குப் போய், கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் சொட்டுக்குழாயோடு நான் தரையில் உட்கார்ந்தேன். சிவப்புச் சீட்டைக் காலிப் புட்டியின் கழுத்தில் திரும்பக் கட்டினேன்.

அம்மா செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டியது. இன்னும் கொடுக்கவில்லை.