கொழுப்புக்குக் கிடைத்த கோப்பை

பேர்ணடெற்றை வெள்ளவத்தை ஆஸ்பத்திரித் தாய்மார், நர்ஸ்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, 'கிள்ளுற மிஸ்' என்றுதான் சொல்வார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளையின் தொடையையும் கையையும் இரண்டு விரலால் பிடித்து, ஒரு சின்ன இடுக்கியை வைத்து, தோலுக்குக் கீழே எவ்வளவு கொழுப்பு இருக்கிறதென்று மில்லிமீற்றரில் எழுதுவது அவள் வேலை. தொப்புள்கொடி இரத்தத்தில் இருக்கும் ஓமோன்களுக்கும் பிள்ளையின் கொழுப்புக்கும் என்ன தொடர்பு என்று டொக்டர்மார் ஆராய்கிறார்கள். அவர்களுக்காக எட்டு வருடமாக அவள் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் அலறுவதில்லை. பெற்றவர்கள்தான் அலறுவார்கள்.

ஐம்பத்தாறு வயது, கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் கொண்டக்டரோடு ஒரு சண்டையாவது பிடிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

அன்று காலை வர்ஷினிக்குப் பிறந்த பிள்ளை நாலு கிலோ முந்நூறு. கழுத்து எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்க்க வேண்டும். தகப்பன் சத்தியநாராயணன் புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரி. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து கடை போட வந்த குடும்பம். மகனைப் பார்ப்பதும் சிரிப்பதுமாக நின்றார். பேர்ணடெற் இடுக்கியை வைத்தாள். எண் அவள் நினைத்ததைவிடக் கூட. வர்ஷினிக்குக் கர்ப்பத்தில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்ததென்று கொப்பியில் எழுதியிருந்தது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உங்கட மகனுக்குக் கொழுப்புக் கொஞ்சம் கூட. குதிக்கால்ல குத்தி இப்பவே இரத்தத்தில சீனி பாக்கவேணும்."

சத்தியநாராயணனின் சிரிப்பு நின்றது.

"யாருக்குக் கொழுப்பு? பொறந்து ஒரு மணி நேரம் ஆகல, எம்புள்ளைக்குக் கொழுப்பா?"

அவள் பெரும்பாலும் சிங்களத்தில் சொல்லிப் பழகிய சொல் அது. சிங்களத்தில் 'மேதய' என்றால் வெறும் கொழுப்புத்தான், ஒருவரும் கோபித்ததில்லை. தமிழில் அதற்குத் திமிர் என்றும் ஒரு பொருள் உண்டு. சின்ன வயதிலிருந்தே அந்தச் சொல்லால் ஏச்சு வாங்கிய பேர்ணடெற்றுக்கு அந்த நேரம் பார்த்து அது மறந்துபோயிருந்தது.

"குத்தவும் வேணாம், கிள்ளவும் வேணாம். டாக்டர் வரட்டும்" என்று அவர் தொட்டிலை மறித்துக்கொண்டு நின்றார். டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டரில் இருந்தார். வர ஒரு மணித்தியாலமாவது ஆகும்.

வேறு நாளென்றால் பேர்ணடெற் ஒரு சண்டை பிடித்திருப்பாள். ஆனால் தகப்பனின் கைக்கு அப்பால் பிள்ளையின் விரல்கள் லேசாக நடுங்குவதைக் கண்டாள். சீனி இறங்கினால் பிள்ளைக்கு வலிப்பு வரும், மூளை பழுதாகும். அதற்கு ஒரு மணித்தியாலம் தேவையில்லை.

"தம்பி, எனக்கும் ஒரு மகன், ஷெல்டன். பிறக்கேக்க நாலரைக் கிலோ. எங்கட மாதா கோயில்ல வச்ச குழந்தைப் போட்டியில முதல் பரிசெண்டு ஒரு கப்பும் குடுத்தவங்க. அவன்ட பெலம் எண்டு இருபது வருஷம் பெருமை பேசித் திரிஞ்சனான். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கினது, அது என்ட சீனி வருத்தம். எனக்கு அப்ப ஆரும் சீனி பாக்கேல்ல. பிறந்தண்டு அவனும் இப்பிடித்தான் நடுங்கினவன். குளிராக்கும் எண்டு நான் போர்த்திவிட்டனான். பிறகு வலிப்பு வந்து நீலமாப் போயிட்டான். ஒரு மிஸ் ஓடிவந்து பாத்ததாலதான் தப்பினவன்."

சத்தியநாராயணன் திரும்பிப் பிள்ளையின் விரலைப் பார்த்தார். கட்டிலில் வர்ஷினி அழத் தொடங்கினாள்.

"என்னாலயா மிஸ்? டாக்டர் சொன்னதுக்கப்புறம் நான் சீனியே தொடலையே."

"உங்களால இல்லம்மா. நச்சுக்கொடி சுரக்கிற ஓமோன் தாயின்ட இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. சில பேருக்கு அதால சீனி ஏறிடும். சீனி கொடி வழியாப் பிள்ளைக்குப் போகும், உங்கட இன்சுலின் போகாது. அதால பிள்ளை தானே இன்சுலினைக் கூடச் சுரக்கும். இந்தக் கன்னமும் தொடையும் அது சேர்த்ததுதான். இப்ப கொடியை வெட்டியாச்சு, சீனி வாறது நிண்டுட்டுது. இன்சுலினுக்கு அது தெரியாது. இருக்கிற சீனியையும் முடிச்சிடும்."

அவர் தொட்டிலை விட்டு விலகினார்.

குதியில் குத்தினாள். முப்பத்திரண்டு. குறைந்தது நாற்பது இருக்க வேண்டும். தியேட்டருக்குப் போன் போட்டு, டொக்டர் சொன்னபடி குளுக்கோஸைப் பிள்ளையின் கன்னத்துக்குள் தடவி, தாயின் மார்பில் போட்டாள். அரை மணித்தியாலம் மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி குத்தியபோது ஐம்பத்தெட்டு. பிள்ளை வார்டே அதிரக் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டுப் பேர்ணடெற்றுக்கு உடம்பெல்லாம் லேசானது. சத்தியநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ், அந்தக் கப்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு. ஷெல்டனுக்குத்தான் இன்னும் இதெல்லாம் சொல்லேல்ல."

"முன்னப்பின்ன தெரியாத எங்ககிட்ட சொல்லிட்டீங்க. மகன்கிட்ட சொல்லக்கூடாதா?"

பஸ்ஸில் அந்தக் கேள்வி அவளோடேயே வந்தது. கொண்டக்டர் மிச்சக் காசு தராமல் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. எட்டு வருடமாக அவள் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால்தான். ஆனால் அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் சீனி வரக்கூடும். சொல்லாமல் வைத்திருப்பதும் குளிரென்று போர்த்திவிட்டது மாதிரித்தான்.

ஷெல்டன் துறைமுக வேலை முடிந்து வந்து, இடியப்பம் சாப்பிட்டபடி டீவிக்கு முன்னால் இருந்தான். இருபத்தெட்டு வயது, கதிரை நிறைய ஆள். டீவிக்கு மேலே தட்டில் அந்தக் கப் இருந்தது. பேர்ணடெற் டீவியை நிற்பாட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். போர்த்திவிட்டதையும் மறைக்கவில்லை.

"நாளைக்கே நீயும் சீனி பாக்கவேணும், மகன். என்னோட வா."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து கப்பை எடுத்தான். சாரத்தின் நுனியால் தூசியைத் துடைத்து அவள் மடியில் வைத்தான்.

"அப்ப இது உங்கட கப், மம்மி. என்ட கொழுப்பு முழுக்க உங்களிட்ட இருந்து வந்தது எண்டு டடா சாகுமட்டும் சொன்னவர். நாங்கதான் நம்பேல்ல."