பாக்கியம் அக்கா தின்று பார்த்த பருப்பு

அரிசி களைந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பதுளையிலிருந்து, நான் வேலை பார்த்த கடையின் சின்ன முதலாளி. “பாக்கியம் அக்கா காலையில போயிட்டாங்கக்கா” என்றார். கடையைச் சாத்தியாயிற்றா என்று கேட்டேன். “அப்பவே சாத்திட்டேங்க” என்றார். தீபாவளியன்றும் அரை நாள் திறந்திருக்கும் மளிகைக் கடை அது. பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்கிச் சோறாக்கிய ஒரு பொம்பளைக்காக அதன் பலகைக் கதவு சாத்தப்பட்டது. அழுகை வந்தது. அதை மீறிப் பெருமையும் வந்தது.

அந்தக் கடையில் பொதி கட்டியவர்களும், தேயிலைத் தோட்டங்களிலிருந்து பை கொண்டுவந்து சாமான் வாங்கியவர்களும் படிப்பீர்கள் என்று பேத்தி சொன்னதால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. எழுத்தில் பிழை இருக்கலாம், சொல்லும் விஷயத்தில் இருக்காது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பகலுக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா அந்தப் பொதியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார். “இங்க வீட்டுச் சோறு திங்கிறதுக்குச் சம்பளம் இல்ல. கடைச் சோத்தத் தின்னு, எப்படி இருக்குன்னு சொல்லு. அதுதான் வேல” என்றார். கடையில் புதிதாக எந்த மூட்டையைப் பிரித்தாலும், அதிலிருந்து அள்ளியதுதான் அன்றைய பகல் சாப்பாடு. பெரிய முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை ஒரே பாயில் உட்கார்ந்து தின்போம். யாராவது முகம் சுளித்தால் அந்த மூட்டை விற்பனைக்குப் போகாது. “நாம திங்காதத அடுத்தவங்களுக்கு நிறுத்துக் குடுக்கப்படாது” என்பார் அக்கா. இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. அடுப்பு எரிந்தது, சட்டமும் நடந்தது.

பெரிய முதலாளிக்குக் கால் முடியாமல் போனபின் அவர் மகன், சின்ன முதலாளி, கொழும்பிலிருந்து வந்து கடையை ஏற்றார். நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரர். அதே சமயத்தில்தான் என் பேத்தி தர்ஷினியும் கடைக்கு வந்தாள். எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள். ஒரு வேலைத்தலத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, அங்கே உள்ளவர்கள் எப்படிப் பழகுகிறார்கள், எதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் வங்கிக்குப் போனார்கள். இவள் எங்கள் உளுந்து மூட்டைப் பக்கத்தில் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னடி, நாம சோறு திங்கிறதப் பாத்துப் பட்டம் குடுக்கிறாங்களா? அப்ப நான் எத்தன பட்டம் வாங்கியிருக்கணும்!”

இரண்டாம் வாரத்தில் சின்ன முதலாளி அடுப்பை நிறுத்தினார். அந்த இடத்தில் குளிர்ப்பெட்டி வைக்க வேண்டும், எல்லோருக்கும் ஹோட்டலில் சோற்றுப் பார்சல் எடுத்துத் தருகிறேன் என்றார். அக்கா மறுத்துப் பேசினார்.

“அக்கா, இது கடையா, சத்திரமா?” என்று கேட்டார் அவர்.

“சத்திரத்துல சும்மா திம்பாங்க தம்பி. நாங்க வேலையாத் திங்கிறோம்.”

எல்லோரும் சிரித்தோம். அடுப்பு மட்டும் திரும்ப எரியவில்லை. அன்று அக்கா தன் பார்சலைப் பிரிக்கவே இல்லை. இந்த வழக்கம் போனால் நம் கடை வெறும் சாமான் அடுக்கிய இடம்தான் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான்கே நாள். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கல்யாணம். சாம்பாருக்குத் துவரம் பருப்பு முழு மூட்டையாகக் கேட்டார்கள். புது மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே ஏற்றிவிட்டோம். கல்யாணத்தன்று காலை கடை திறந்த கையோடு பெண்ணின் அப்பா கைபேசியில் கத்தினார்: “ரெண்டு மணித்தியாலமாக் கொதிக்குதுங்க, கல்லாட்டம் கெடக்கு! பகலுக்குப் பந்தி போடணும், நான் என்னத்தப் போடுறது?”

“பில்லோட கொண்டுவரச் சொல்லுங்க, மாத்திக் குடுத்துடலாம்” என்றார் சின்ன முதலாளி.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். “பந்திக்கு ஆளு வர்ற நேரத்துல அந்த மனுசன் பில்லத் தேடணுமா? அடுப்ப நிறுத்துறதுக்கு முந்தி நாம தின்ன மூட்டை, பாதி இருக்கு. அத ஏத்துங்க. தம்பி, நீங்களும் ஏறுங்க.”

கடை வேனில் அக்காவோடு சின்ன முதலாளியும் ஏறினார். நானும் தர்ஷினியும் பின்னால் பருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவர், லாரிக்காரன் மாற்றிப் போட்டிருப்பான், மொத்த வியாபாரி ஏமாற்றியிருப்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பந்தலில் இருந்தவர்கள் எங்களை நல்ல பார்வை பார்க்கவில்லை. அக்கா நேரே அடுப்படிக்குப் போனார். பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “தப்பு எங்க மேலதாங்க. திங்காம வித்துட்டோம். இது நாங்க தின்ன பருப்பு. நம்பிப் போடுங்க.”

சமையல்காரர் கரண்டியைத் தூக்கிக் காட்டினார். “அப்படின்னா மொதப் பந்தியில நீங்கதான் ஒக்காரணும். வேகலைன்னு வைங்க, ஒங்க முதலாளிய அண்டாவுல போட்டுருவேன்!” பந்தலே சிரித்தது.

பருப்பு முக்கால் மணித்தியாலத்தில் மலர்ந்தது. பந்தி நேரத்துக்கு நடந்தது. சின்ன முதலாளி முதல் பந்தியில் பாயில் உட்கார்ந்து தின்றார். மூன்று தரம் சாம்பார் கேட்டு வாங்கினார். திரும்பும் வழியில் லாரிக்காரன் பேச்சே வரவில்லை. பதுளை டவுனுக்குள் வேன் நுழையும்போது மெல்லக் கேட்டார்: “அக்கா, நாளைக்கு என்ன மூட்டை பிரிக்கிறோம்?”

அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் வலித்தது.

மறுநாள் அடுப்பு எரிந்தது. குளிர்ப்பெட்டிக்கு முன்கட்டில் இடம் கண்டுபிடித்தார்கள். சின்ன முதலாளி எங்களோடு பாயில் உட்கார்ந்தார். சம்பா அரிசியில் புழுக்க வாடை என்று முதலில் முகம் சுளித்ததும் அவர்தான். “பாத்தியா, நாக்கு வந்துருச்சு” என்றார் அக்கா என்னிடம்.

தர்ஷினி இத்தனையையும் எழுதினாள். அவளுடைய விரிவுரையாளர், கடைச் சட்டம் எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்டாராம். “அது பகல் சோற்றில் இருக்கிறது சேர்” என்று சொல்லி, கல்யாணக் கதையை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்திருக்கிறாள். வங்கிக்குப் போனவர்களை எல்லாம் தாண்டி முதல் இடம் என் பேத்திக்கு! இன்று பண்டாரவளையில் ஒரு பெரிய அலுவலகத்தில் ஆட்களை நிர்வகிக்கிறாள். அங்கேயும் வாரத்தில் ஒரு நாள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டாள்.

அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒரு சேலைத் துண்டுகூட இல்லை. நான் எடுத்து வைத்திருப்பது அந்தப் பந்தலில் அவர் நின்ற நிற்பை. அத்தனை பேர் முறைக்கும்போது, யார் மேலும் சாட்டாமல், தலை குனியாமல், தப்பு எங்கள் மேல் என்று சொன்னாரே, அதை. இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மீன் குழம்பில் உப்புக் கரித்தது. மகன் பெண்டாட்டியைப் பார்த்து முறைத்தான். நான் எழுந்து நின்று சொன்னேன்: “அவள ஏன்டா பாக்குற? அவ போட்டதுக்கு மேல ருசி பாக்காம உப்பக் கூட்டுனது நான்தான்.”

மருமகள் வாயைப் பிளந்து பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.