கருடனா, பருந்தா

இன்று காலை, பறவை பார்ப்பவர்களுக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் திலக் நகர்க்காரர் ஒருவர் படம் போட்டிருந்தார். மாடித் தண்ணீர்த் தொட்டியின்மேல் தவிட்டு நிறத்தில் ஒரு பறவை. ‘கருடனா, பருந்தா? சொல்லுங்களேன்’ என்று கேட்டிருந்தார். பதிலை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். ஆயிரம் பறவைக்குப் பேர் சொல்வேன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விரல் ஓடுவதில்லை.

வளர்ந்த கருடன் சுலபம். செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை. நம் ஆட்கள் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதன் குஞ்சுதான் வில்லங்கம். நிறம் மாறும்வரை பருந்தைப் போலவே அழுக்குத் தவிடாக இருக்கும். வாலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பருந்துக்கு வால்நுனி நடுவில் பிளந்திருக்கும், கருடனுக்கு வட்டம். அதிலும் பாருங்கள், பருந்து திரும்பும்போது வாலை விசிறிவிட்டால் பிளவு மறைந்துபோகும். மடக்கும்வரை பொறுக்க வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

வாலிபத்தில் நான் மும்பை தாராவியில் குடியிருந்தேன். செம்பூரில் டைப்பிங் வேலை, ஞாயிறானால் சோர் பஜாரில் பழைய சாமானோடு வாங்கிய பைனாகுலரோடு மாஹிம் கழிமுகம். சந்தில் எனக்குக் ‘கொக்குக்காரன்’ என்று பேர். தோல் பதனிடும் வாடைக்கு எங்கள் வானம் முழுக்கப் பருந்துதான்.

சித்தப்பா முன்நின்று எங்கள் அம்மன் கோயிலை இடித்துக் கட்டினார். வேலை ஆரம்பித்ததுமே சித்தி படுத்துவிட்டாள். “ஆத்தாள அசைச்சுட்டாம்லா, சும்மா விடுவாளா?” என்று அவர் காதுபடவே பேசினார்கள். கும்பாபிஷேகத்தன்று கருடன் வட்டமிட்டால் ஆத்தாள் மனசு ஆறிவிட்டது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சித்தியும் எழுந்துவிடுவாள் என்று சித்தப்பா நம்பினார்.

கலசத் தண்ணீரோடு அவர் சாரத்தின்மேல் நின்றார். முகூர்த்தம் முடியப்போகிறது என்று பூசாரி பறந்தார். அப்போது ஒன்று வந்தது. தவிட்டு நிறம்.

“சவம், பருந்துல்லா இது” என்றது கூட்டம். “சீல் ஹை யார்” என்று இந்தியில் அதையே சொன்னார்கள் இளவட்டங்கள்.

சித்தப்பா வானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஏல, ஒங் கொழல வச்சுப் பாரு. என்னதுல அது?”

“பொறுங்க சித்தப்பா. வால மடக்கட்டும்.”

“மடக்கச் சொல்லிப் பெட்டிஷன் போட்டுருக்கான் கொக்குக்காரன்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். பைனாகுலருக்குள் வானம் குலுங்கியது. ஒரு வழியாக அது வாலை மடக்கியது. வட்டம்.

“கருடன்தான். எளசு, அதான் இன்னும் வெள்ள விழல.”

ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சித்தப்பா மட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரை ஊற்றினார். அதற்குப் பிறகுதான் குலவை கேட்டது.

மண்டல பூஜை முடிவதற்குள் சித்தி போய்விட்டாள். அது பருந்துதான் என்று சந்து முடிவு கட்டிவிட்டது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நிற்கும். பயந்துவிட்டேன். மடக்கிய வாலைத்தான் பார்த்தேனா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆசையில் அப்படித் தெரிந்ததா? நினைக்க நினைக்க அந்த வால் ஒருநேரம் வட்டமாகும், ஒருநேரம் பிளக்கும்.

அப்புறம் ஞாயிறுதோறும் சித்தப்பா என்னோடு வர ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் காட்டி, “இது?” என்பார். “பருந்து” என்பேன். “அது?” “அதுவும் பருந்துதான்.” அன்றைய பறவையைப் பற்றி மூச்சு விடமாட்டார். எப்போது கேட்பாரோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டு அடுத்த பறவையைக் காட்டுவேன்.

ஒருநாள் அவரே பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “மடக்கியும் வட்டமாத்தான் இருக்கு. கருடக் குஞ்சு, என்னல?”

நானும் பார்த்தேன். கருடக் குஞ்சேதான். “ஆமா சித்தப்பா.”

“அன்னைக்கு வந்ததும் இதேதாம்ல. தண்ணி ஊத்தும்போது நானும் பாத்தேன்லா. நீ சொன்னது சரிதான்.”

எத்தனை நாள் பாரம். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் பைனாகுலரை என் கையில் கொடுத்தார்.

“சாமியே வந்துட்டுல்லா. பெறவு ஏம்ல அவ போனா?”

நான் பைனாகுலரை உறைக்குள் போட்டு மூடினேன்.

இப்போது அந்தச் சந்து இல்லை. தோல் வாடையும் போய்விட்டது, பருந்தும் குறைந்துவிட்டது. அம்மனை ஏதோ கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் என்னோடு வரவில்லை. தலைக்குமேல் எது பறந்தாலும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.