மேலுக்கு ஒரு போன், கீழுக்கு ஒரு போன்

"இது நடக்காது" என்று யாராவது டோக்கனிடம் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நடத்திக் காட்டிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சலவைக்கடைக்காரர்கள் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதற்குக் காரணம் அவள் செய்த செயலி.

அவள் புருஷனுக்குச் சலவைக்கடை. முன்னால் கவுன்டர், நடுவில் இஸ்திரி மேஜை, பின்னால் பாய்லர். அவளோ ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். கம்பெனி ஒருநாள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் பாதியில் இவளும் இருந்தாள். வேறு இடத்தில் வேலை தேடு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். இவள் ஒரு மேஜையை இழுத்துப் பாய்லர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் தன்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, இதுதான் வீடு என்று சொல்லிவிட்டாள்.

சலவைத் தொழிலில் நெருப்புக்கும் பயமில்லை, ஆவிக்கும் பயமில்லை. துணி மாறிப்போவதற்குத்தான் பயம். ஒருத்தர் சட்டை இன்னொருத்தர் முதுகில் ஏறிவிட்டால் அந்தத் தெருவே கடைக்காரனைக் கிழித்துத் தொங்கவிடும். டோக்கன் அதற்குத்தான் வழி செய்தாள். துணி வந்ததும் போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். உடனே டோக்கன் மாதிரி ஒரு நம்பர் வரும். அதைத் துண்டுத் துணியில் எழுதிக் காலரில் குத்திவிட வேண்டும். துவைக்கும்போதும் மடிக்கும்போதும் அந்த நம்பரைப் போனில் தொட வேண்டும். மூட்டை கட்டும்போது ஒரு துணி குறைந்தாலும் போன் கத்தி ஊரைக் கூட்டும்.

செயலி முதலில் புருஷன் கடையில் ஓடியது, பக்கத்துத் தெருவுக்குப் போனது, பிறகு பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் போனது. ஒரு நாளைக்கு நாற்பது துணி வரை இலவசம், அதற்கு மேல் போனால் மாதச் சந்தா என்று வைத்திருந்தாள். நாற்பது ஏன் என்றால், அவர்கள் பாய்லர் ஒருநாளில் தாங்குவது அவ்வளவுதான். யாரிடமும் கடன் வாங்கவில்லை. பங்குக்கு வருகிறேன் என்றவர்களையும் வாசலோடு அனுப்பிவிட்டாள். செயலி ஓடுகிற கம்ப்யூட்டருக்கான வாடகையைச் சலவைக்கடைதான் கட்டியது.

கடைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. சந்தா கட்டியவர்களை எண்ண ஒரு கை விரல்களே போதும். அவளுடைய அண்ணன் ஓர் அலுவலகத்தில் கணக்கர். வரும்போதெல்லாம் ஒரு குட்டு வைக்காமல் போகமாட்டார்.

"ஊருக்கெல்லாம் ஓசியில குடுக்குறியே, இது வியாபாரமா, தர்ம சத்திரமா?"

"சின்னக் கடைங்க அண்ணா. வளரட்டும், கட்டுவாங்க."

வளர்கிற வழியைக் காணோம். மற்ற எந்தக் கடையும் நாற்பதைத் தாண்டவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வேலியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றன.

அந்தச் சமயத்தில்தான் சோப்புக் கம்பெனி மேனேஜர் வந்தார். ஊரில் பாதிச் சலவைக்கடைகளுக்கு அவர்கள் சோப்புதான் போகிறது. பாய்லர் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து வேர்த்து வழிந்தார். செயலியை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிபந்தனை ஒன்றே ஒன்று. இலவசத்தை மூடிவிடுவார்கள். அவர்கள் சோப்பு வாங்குகிற கடைக்குத்தான் செயலி. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

புருஷன் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டிதான் வழக்கத்தைவிடப் பலமாகப் பேசியது. அவர் மனசில் பாய்லர். அது நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அது நின்றால் கடை நிற்கும், கடை நின்றால் செயலியும் நிற்கும். அது டோக்கனுக்கும் தெரியாமல் இல்லை. விற்றால் பாய்லர் வரும், தான் கட்டியது போகும். விற்காவிட்டால் இரண்டுமே போனாலும் போகலாம்.

இப்படி யோசனையில் இருந்தபோதுதான் ஒரு ஆள் போனில் கூப்பிட்டுக் கத்தினான். வேலைக்கான நேர்காணலுக்குக் கோட்டும் பேன்ட்டும் வெளுக்கப் போட்டானாம். கோட்டு வந்ததாம், பேன்ட் வரவில்லையாம். கறுப்புக் கோட்டுக்குக் கீழே பச்சை பேன்ட் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தானாம். கடைக்காரரைக் கேட்டால் செயலி சரியில்லை என்று இவள் நம்பரைக் கொடுத்துவிட்டாராம்.

எதை வேண்டுமானாலும் தாங்குவாள், செயலி சரியில்லை என்பதைத் தாங்கமாட்டாள். அந்தக் கடையின் பதிவைத் திறந்து பார்த்தாள். சட்டை, கோட்டு, மேல்சட்டை, மறுபடியும் சட்டை. மாதக்கணக்கில் பின்னால் போய்ப் பார்த்தும் ஒரு பேன்ட் கிடையாது. அந்த வட்டாரத்தில் ஆம்பளைகள் பேன்ட்டே போடுவதில்லையா என்று புருஷனைக் கேட்டாள். நீயே போய்ப் பாரேன் என்றார் அவர். பஸ் ஏறிவிட்டாள்.

சின்னக் கடை என்று நினைத்துப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அகலமான கடை. கவுன்டரில் இரண்டு ஆட்கள். ஆளுக்கொரு போன், கயிறு கட்டித் தொங்கியது. ஒன்றின் முதுகில் 'மேல்' என்று ஒட்டியிருந்தது, இன்னொன்றில் 'கீழ்'. தான் யாரென்று சொன்னதும் கடை முதலாளி கொஞ்சமும் நெளியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இடுப்புக்கு மேல உள்ளது இதுல, இடுப்புக்குக் கீழ உள்ளது அதுல. ரெண்டு கணக்கு. ரெண்டும் நாப்பதைத் தாண்டாது. எப்படிம்மா நம்ம மூளை?"

"கவுன் மேலயும் இருக்கு, கீழயும் இருக்கே. அது எதுலங்க?"

"எதுல இடம் இருக்கோ அதுல."

சலவைக்கடைச் சங்கத்தில் எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்றும் பெருமையாகச் சொன்னார். டோக்கனுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்படியென்றால் கோட்டும் பேன்ட்டும் எங்கே ஒன்றாகச் சேரும் என்று கேட்டாள். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது.

"அதாம்மா சேர மாட்டேங்குது. மேல் மூட்டை ஒரு பக்கம் போகுது, கீழ் மூட்டை ஒரு பக்கம் போகுது. தினம் ஒருத்தன் வந்து சட்டையைப் பிடிக்குறான். இந்த ரெண்டு போனையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்க முடியுமா, பாரேன்."

"முடியும். ஆனா காசாகும்."

"எவ்வளவு?"

நாற்பதைத் தாண்டாமலிருக்க ஊர் மனிதர்களை எல்லாம் இடுப்போடு வெட்டி வைத்த ஆள், யோசிக்காமல் எவ்வளவு என்று கேட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் டோக்கன் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். துணியை எண்ணியே பிழைக்கிற குடும்பம். அதனால் வேலியையும் துணியிலேயே போட்டுவிட்டாள். துணி எத்தனை வந்தாலும் கடைக்காரனுக்குக் கவலையில்லை, துவைத்துவிடுவான். ஒரு துணி தொலையாமல் இருப்பதற்குத்தான் அவன் பையைத் திறப்பான். அதுவும் இரண்டு ஆள் ஒரே நேரத்தில் துணி வாங்குகிற கடையில்தான் தொலையும்.

வீட்டில் அண்ணன் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குதித்தார். திருட்டுக் கூட்டம், இன்றைக்கே இலவசத்தை மூடு, இல்லாவிட்டால் மேனேஜர் தருவதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு என்றார்.

"அவங்க திருடல அண்ணா. நான் வேலி போட்ட இடம் தப்பு. மூடவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன். நாப்பதை எடுத்துடப் போறேன். எத்தனை துணின்னாலும் ஓசி."

அண்ணன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். புருஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பாய்லர்?"

"நான் வாங்குவேன். அந்தாளு சோப்பு நமக்கு பாய்லர் வாங்கித் தர வேண்டாம்."

"ஒரு வருஷம் ஒட்டுப் போட்டு ஓட்டுறேன். அதுக்கு மேல ஒட்டுறதுக்கு அதுல இடம் இல்ல" என்றார் அவர். சண்டையும் போடவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. பெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

மாதக் கடைசியில் மேனேஜர் அதே கோட்டில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முடியாது என்ற பதிலை எதிர்பார்க்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, பொறுமையாகத்தான் சொன்னார்.

"நாங்களே இதுமாதிரி ஒண்ணு செஞ்சு இலவசமாக் குடுப்போம்மா. அப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

"இங்கதான் சார், பாய்லர் பக்கத்துல. உங்களாலதான் இங்க அரைமணி உட்கார முடியல."

அந்த வாரமே கடைகளுக்கெல்லாம் செய்தி போனது. ஒரு போன் இருந்தால் எத்தனை துணிக்கும் இலவசம். இரண்டாவது போனைச் சேர்த்து இரண்டையும் ஒரே கணக்கில் ஓட்டினால் சந்தா. நாற்பது என்ற கட்டுப்பாடு போனதும், முன்பு சந்தா கட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேரும் நிறுத்திக்கொண்டார்கள். இருந்ததும் போச்சா என்றார் அண்ணன். டோக்கன் தன் மேஜைக்குத் திரும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு போன்களும் பேசுகிற வேலையை எழுதி முடித்தாள். பக்கத்தில் பாய்லர் இருமியது. ஒட்டுப் போட்ட இடத்தில் ஆவி சீறும்போதெல்லாம் புருஷன் ஓடி வருவார், அவள் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். அந்தத் திரும்பாத முகம் அண்ணனின் வாயைவிட அவளை அதிகம் அறுத்தது.

முதலில் வந்தவர் அந்த மேல்-கீழ்க்காரர்தான். ஒரு நாள் முழுக்கப் பேரம் பேசினார். இவள் ஒரு காசு இறங்கவில்லை. திட்டிக்கொண்டே கட்டினார். அடுத்த வாரம் சங்கத்தில் போய், இரண்டு கணக்கைக் கற்றுக் கொடுத்த அதே வாயால் ஒரு கணக்கைக் கற்றுக் கொடுத்தார். சாயங்கால நெரிசலுக்கு இரண்டு ஆள் நிற்கிற கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. சோப்புக் கம்பெனியும் சொன்னபடி ஒரு செயலியை இறக்கியது. சோப்பு வாங்குகிறவரைக்கும் இலவசம். சில கடைகள் அங்கே போயின. சோப்பை மாற்றிய அன்றே போனும் ஊமையாகிவிட்டதென்று அவற்றில் சில திரும்பி வந்தன. வராதவர்களைத் தேடி இவள் போகவில்லை. இவளை நம்பி ஒற்றைப் போனில் ஓடுகிற சின்னக் கடைகள் இன்றைக்கும் ஓசியில்தான் ஓடுகின்றன. அதைப் பற்றி அண்ணன் பேச்செடுத்தால் வேறு பேச்சு பேசுங்கள் என்பாள்.

புருஷன் கொடுத்த தவணை முடிவதற்குள் புது பாய்லர் வந்து இறங்கியது. ஆட்கள் அதைத் தூக்கி வைக்கும்போது இவள் மேஜை இடிக்கிறது, முன்னால் கவுன்டர் பக்கம் நகர்த்தலாமா என்று கேட்டார்கள். பதிலைப் புருஷன் சொன்னார்.

"மேஜை அங்கயே இருக்கட்டும். பாய்லரைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

ஆட்கள் போவதற்குள் போன் அடித்தது. மேல்-கீழ்க்காரர். மூன்றாவதாக ஒரு ஆளைப் போட்டிருக்கிறாராம்.

"அந்த மூணாவது போனை மட்டும் ஓசியில சேத்து விடும்மா. நான்தானே உனக்கு முதல் போணி."

"முடியாதுங்க."

"அப்ப சாக்ஸுக்குத் தனியா ஒரு கணக்கு ஆரம்பிச்சுக்குவேன், பாத்துக்கோ."

"தாராளமா ஆரம்பிங்க. ஒத்தைச் சாக்ஸோட வந்து நிக்குறவன்கிட்ட என் நம்பரை மட்டும் குடுத்துடாதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் முணுமுணுப்புக் கேட்டது. பிறகு, எவ்வளவு என்றார்.