பச்சை பிடித்த காசுகள்

வியாழக்கிழமை காலை, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவர் தன் ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். மற்ற மாதங்களில் ஆளுக்கு மூன்று காசு கொண்டுபோனால் போதும். ஆண்டுக் கூட்டத்துக்கு மட்டும் முழு ஆல்பத்தையும் மேசையில் விரிக்க வேண்டும். எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம் என்று பார்க்கத்தான் எடுத்தார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு செப்புக்காசு பிளாஸ்டிக் உறையை விட்டு வர மறுத்தது. பின்னாலிருந்து தள்ளினார். பிசுக்கென்று பிரிந்து, மடியில் விரித்திருந்த துணியில் விழுந்தது. எழுத்துகளின் இடுக்கில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது.

பச்சை அவருக்குப் புதிதல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். மூக்கின்மேல் உட்காரும் சின்னப் பட்டைகளுக்கு அடியில் சேரும் பச்சையைத் தினமும் பத்துப் பேருக்காவது சுரண்டிக் கொடுக்கிறார். அது வியர்வை. இதுவும் அப்படித்தான், எப்போதோ விரல் பட்டிருக்கும் என்று நினைத்தார். அடுத்த காசைத் தள்ளினார். அதுவும் ஒட்டியது. அதற்கடுத்ததும். பத்தாவது காசுக்கு வந்தபோது விரல் என்ற எண்ணத்தை விட்டுவிட்டார். உறையை மூக்கருகே கொண்டுபோனார். புது மழைக்கோட்டு வாசனை. மூன்று வருடமாக அவருக்குப் பிடித்த வாசனை.

போனில் தேடினார். பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய் நாளடைவில் கசியும்; கசிந்தது உலோகத்தைத் தின்னும்; செம்பை முதலில் தின்னும். தண்ணீருக்கும் சோப்புக்கும் அது போகாது.

"ஏங்க, மணி ஒம்பதாகுது. காசை வெச்சுக்கிட்டு தவம் பண்றீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள்.

"பச்சை பிடிச்சிருக்கு."

"உங்க காசுதானே. விட்டுத் தள்ளுங்க."

அவருடைய காசு மட்டும் என்றால் தள்ளியிருக்கலாம். இந்த உறைகளைச் சங்கத்துக்கே கொண்டுவந்து கொடுத்தவர் அவர்.

சங்கம் கூடுவது ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடியில். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மூலையில் பாதியாக வெட்டித் திறந்துவைத்த எஞ்சின் ஒன்று. உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். வந்ததும் குழாயில் கை கழுவி, துடைத்து, தலைவர் முன்னால் நீட்ட வேண்டும். தலைவர் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நகக்கண் வரைக்கும் பார்ப்பார். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகப்பில் விரல் பட்டால் ஆறு மாதம் கழித்தாவது ரேகை கறுத்து எழுந்துவந்து காட்டிக்கொடுத்துவிடும். 'ரேகைக்காரன்' என்பதைவிடக் கேவலமான பேர் அந்த அறையில் கிடையாது. அந்தப் பேர் வாங்கியவர் மூன்று கூட்டத்துக்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும்.

இவர் சேர்ந்த புதிதில், எந்த ரேகையும் வைக்காமலே, நாலு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசையில் இடம் இல்லாமல் இல்லை. யாரும் வாங்க என்று சொல்லவில்லை, அவருக்கும் தானாகப் போய் உட்காரக் கூச்சம். காசு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் அவரைத் தாண்டிக் கை நீட்டுவார்கள். அவர் சற்றுக் குனிந்து கொடுப்பார்.

பாஸ்புக் உறை செய்கிற ஒருவர் கண்ணாடிக் கடைக்கு வாடிக்கையாளராக வந்ததில் எல்லாம் மாறியது. அந்த ஆளிடம் கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் சுருள் வாங்கி, இருபது அறைகள் வருகிற மாதிரி சூட்டில் ஒட்டவைத்து, ஒரு கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அதுவரை எல்லோரும் காசைக் கெட்டிக் காகித உறையில் போட்டுவைத்திருந்தார்கள்; பார்ப்பதென்றால் வெளியே எடுத்தாக வேண்டும்.

"எடுக்கவே வேண்டாம் சார். அப்படியே ரெண்டு பக்கமும் பார்க்கலாம். ரேகைங்கிற பேச்சே இல்லை" என்று அவர் சொன்னபோது தலைவரே எழுந்து நின்று வாங்கிப் பார்த்தார். நாலு மாதத்தில் சங்கமே உறைக்கு மாறியது. அவருக்குக் 'கவர்' என்று பேர் விழுந்தது. தலைவருக்கு வலதுபக்கம் ஒரு நாற்காலியும் கிடைத்தது.

மாறாமல் இருந்தது டெய்லர் அக்கா மட்டும்தான். சங்கத்தில் இருக்கிற ஒரே பெண். சங்கமே பொறாமைப்படுகிற காசு அக்காவிடம் இருந்தது. யாரோ பிரித்துத் தைக்கக் கொடுத்த பழைய கோட்டின் உள்துணிக்குள், கிழிந்த பை வழியாக விழுந்து, எழுபது எண்பது வருடம் எவர் கையும் படாமல் கிடந்த செப்புக்காசு. "நீங்களே வெச்சுக்கங்கம்மா" என்று கோட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். செம்பு என்றால் ஒரு வருடத்தில் பழுப்பாகிவிடும். இது அச்சடித்த அன்றைய சிவப்பிலேயே இருந்தது. சங்கத்தில் அதற்குச் 'சிவப்பி' என்று பேர்.

"காகிதத்துல நல்லாத்தானே தம்பி இருக்கு" என்று அக்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை இவரே தையல்கடைக்குப் போய், தன் கையால் சிவப்பியை உறையில் நுழைத்துக் கொடுத்தார்.

"மழைக்கோட்டு நாத்தம் அடிக்குதே?"

"புதுசுல அப்படித்தான்க்கா. போயிடும்."

வியாழக்கிழமை முழுவதும் கடையில் இந்த ஒரு வார்த்தைதான் காதில் ஓடியது. போயிடும். ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடதில் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மாலையில் மனைவியிடம் முழுவதையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அலுவலகக் குரலில், "எழுத்துல ஏதாவது கொடுத்தீங்களா?" என்றாள்.

"எழுத்துலயா?"

"கெட்டுப்போகாதுன்னு. கையெழுத்துப் போட்டு."

"இல்லை."

"அப்புறம் என்ன? வாயைத் திறக்காம இருங்க. எது எதால கெட்டுச்சுன்னு யாரு நிரூபிக்கப் போறாங்க?"

அந்த யோசனை அவருக்கு ஒரு அரைமணி நேரம் ஆறுதலாக இருந்தது. பிறகு சிவப்பி ஞாபகம் வந்தது. மூன்று வருடமாக அது அந்த உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இப்போதும்.

வெள்ளிக்கிழமை தையல்கடைக்குப் போனார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு, பீரோவிலிருந்து ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு போனார். அக்கா தலையைத் தூக்காமலே, "வாங்க தம்பி. ஞாயித்துக்கிழமைக்கு ரெடியா?" என்றார்.

"ரெடிக்கா."

"சிவப்பியைப் பார்க்கணும்னு நம்ம சங்கத்துப் பல் டாக்டர் நேத்து போன்ல ஒரே தொணதொணப்பு. எனக்கே பார்த்து ஒரு வருஷமாச்சு. கையில என்ன, பேன்ட்டா?"

"ஆமாக்கா."

"என்ன பண்ணணும்?"

அவர் சொல்லிவிட வாயெடுத்தார். அக்காவின் பின்னால், தாழ்ப்பாள் போட்ட மர அலமாரி இருந்தது. ஆல்பம் அதற்குள்தான்.

"கொஞ்சம் குறைக்கணும்."

"இது உங்களுக்குச் சரியாத்தானே இருக்கும் போலிருக்கு? எவ்வளவு?"

"ஒரு இன்ச்."

அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்தார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, கத்தரி தன் பேன்ட்டை வெட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை, பள்ளி ஆய்வகங்களுக்குச் சரக்கு கொடுக்கிற ஒரு கடையில், அந்த எண்ணெயைக் கரைக்கும் அசிட்டோன் கேட்டு வாங்கினார். வீட்டு மொட்டைமாடியில், மூடிபோட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தன் காசுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டார். வெள்ளிக்காசில் பச்சை மெதுவாகக் கழன்று வந்தது. அடியில் காசு பழையபடி இருந்தது. செம்பிலும் கழன்றது. ஆனால் அடியில் அம்மைத் தழும்புபோலப் புள்ளி புள்ளியாகக் குழி. லென்ஸ் வைத்துப் பார்த்தார். எண்ணெய் போய்விட்டது. அது தின்றது திரும்பி வரப்போவதில்லை. ஒருநாள் கூடினால் ஒருநாளைக்கான தீனி கூடும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கிண்ணத்தையும் பாட்டிலையும் பையில் எடுத்து வைத்தார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லத்தான் போறீங்க."

"ம்."

"அந்த நாற்காலி போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டா போறீங்க?"

தோய்த்து உலர்ந்து கிடந்தது அது ஒன்றுதான்.

தலைவர் அவர் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "என்ன கவர், தோல் இப்படி வெளுத்திருக்கு?"

"நேத்து ஒரு மருந்து பட்டுடுச்சு சார்."

"கையை விடுங்க, காலைப் பாருங்க" என்றார் பல் டாக்டர். "ஊருல எங்கயோ வெள்ளம் வரப்போகுது. இவரு பேன்ட்டுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு."

சிரித்தார்கள். டெய்லர் அக்கா மட்டும், "நான் அப்பவே கேட்டேன். ஒரு இன்ச்சுன்னு இவர்தான் அடம்பிடிச்சார்" என்றார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆனால் ஆல்பங்கள் சரியாக விரியவில்லை. தபால்காரர் முதல் பக்கத்தைத் திறந்து, மற்ற பக்கங்கள்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். பல் டாக்டர் செப்புக்காசு ஆல்பத்தை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றார். அவர் எதையும் மறக்கிறவர் அல்ல. இன்னொருவர் ஆல்பம் வைத்த பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது என்றார். அக்கா மட்டும்தான் முழு ஆல்பத்தையும் மேசைமேல் வைத்துத் திறக்கப் போனார்.

"திறக்காதீங்கக்கா" என்று அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து எஞ்சினில் முட்டியது.

எழுந்த பிறகு உட்கார முடியவில்லை. சொன்னார். உறை கசிகிறது என்றார். தன் காசுகளைப் பார்த்தது, படித்தது, கிண்ணத்தில் போட்டது, எல்லாம் வரிசை தப்பி வந்தது. "பச்சையா, பிசுபிசுன்னு இருக்கும். அது நீங்க தொட்டதால இல்லை. நான் கொடுத்த கவரால" என்று முடித்தார்.

கீழே யாரோ ஒரு மாணவர் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கப் பழகும் சத்தம் வந்தது.

"அப்போ..." என்றார் தபால்காரர், "அது என் விரல் இல்லையா?"

"இல்லை."

"பல்பொடி போட்டுத் தேய்ச்சுட்டேனேய்யா! ஏழு காசு! வெளியே தெரிஞ்சா பெஞ்சுல உட்கார வெச்சுடுவாங்கன்னு!"

"நீங்களுமா?" என்றார் பல் டாக்டர்.

ஆளாளுக்கு வாய் திறந்தது. ஒருவர் பச்சைக் காசைப் பூந்தொட்டியில் புதைத்திருந்தார். ஒருவர் அண்ணன்மேல் சந்தேகப்பட்டு இரண்டு மாதமாகப் பேசவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு உள்ளங்கை வியர்க்குதுன்னு தோல் டாக்டர்கிட்ட போனேன்" என்றார் மெல்ல. "களிம்பு கொடுத்தார்."

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு எல்லோருடைய முகமும் அவர் பக்கம் திரும்பியது. தன் விரல் இல்லை என்று தெரிந்த நிம்மதி கோபமாக மாற அதிக நேரம் பிடிக்கவில்லை. "கெட்டுப்போகுமா போகாதான்னு ஒரு தடவை விசாரிச்சிருக்கலாமில்ல?" என்று தபால்காரர் கேட்டார். "வலதுபக்கம் உட்கார வெச்சதுக்கு நல்ல மரியாதை" என்றது இன்னொரு குரல். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

டெய்லர் அக்கா ஆல்பத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க வெச்சது. நீங்களே எடுங்க."

அவர் மறுபடியும் கை கழுவிக்கொண்டு வந்தார். சிவப்பி உறையோடு ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதி முழுவதும் பச்சை. கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி, விளிம்பில் பிடித்து, உள்ளே இறக்கி மூடினார். முப்பது தலைகள் குனிந்தன. பத்து நிமிடம். பச்சை நூல் நூலாகக் கழன்றது. வெளியே எடுத்து உலரவைத்தபோது மேல்பாதி அச்சடித்த அன்றைய சிவப்பிலேயே இருந்தது. கீழே, விளிம்பிலிருந்து வருட எண் வரைக்கும், தேநீர் சிந்தின மாதிரி ஒரு பழுப்பு.

"தேய்ச்சா..." என்றார் பல் டாக்டர்.

"தேய்க்கக்கூடாது" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு என்னைக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தீங்களே."

"வந்தேன்க்கா."

"உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே."

இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்தது. உண்மைதான். விழுங்கிக்கொண்டார்.

"கடையில இன்னொரு ஆல்பம் இருக்கு" என்றார் அக்கா. "தைக்க வர்ற துணியில பைக்குள்ள கிடந்ததெல்லாம். வேணாம்னு விட்டுட்டுப் போனது. இங்க கொண்டுவர்ற அளவுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க சொன்னீங்கன்னு அதையும் கவர்ல போட்டுட்டேன். நாளைக்கு வாங்க."

திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டுப் போனார். வாசல் ஓரமாக, காற்றுப் படுகிற இடத்தில், அக்கா அவருக்கு ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார். தான் திரும்பி உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

"நான் பார்க்க மாட்டேன். ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லிக்கிட்டே வாங்க. மறைக்காதீங்க."

அவர் தள்ளினார். "சுத்தம்" என்றார். மெஷின் ஓடியது. "சுத்தம்." "பச்சை." ஒவ்வொரு தடவையும் அவர் உறையின் பின்னால் கட்டைவிரலை வைக்கும்போது மெஷின் நின்றது, வார்த்தை கேட்டதும் ஓடியது. எப்படித்தான் தெரிந்ததோ, முதுகைக் காட்டிக்கொண்டு. மதியம் வரைக்கும் அப்படியே போனது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பக்கத்தில் நாலே காசு.

"அது எங்க வீட்டுக்காரருது" என்றார் அக்கா, திரும்பாமல். "ஆஸ்பத்திரியில துணியை மடிச்சுக் கையில கொடுத்தாங்க. சட்டைப் பையில இருந்தது."

அவர் கைகளை உதறிவிட்டுக்கொண்டார். முதல் காசு எளிதாக வந்தது. "சுத்தம்." இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும். அதற்குள் மெஷின் ஓடுவதை அடியோடு நிறுத்திவிட்டது. அக்காவின் கை சக்கரத்தின்மேல் இருந்தது.

நாலாவது செம்பு. தள்ளினார், நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிசுக்கென்றது. அக்கா திரும்பவில்லை, அவர் சுத்தம் என்று சொன்னால் நம்பிவிடுவார், இந்த ஆல்பத்தை இனிமேல் யாருக்கும் காட்டப்போவதும் இல்லை.

"பச்சைக்கா" என்றார் உடனே.

சக்கரத்தின்மேல் இருந்த கை அசையவில்லை. அவர் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார்.

"நிறையவா?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு பக்கம் பூரா."

"சரி. போடுங்க" என்றார் அக்கா. சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, மெதுவாக, துணி எதுவும் இல்லாமலே.