திரும்பிக்கிடுங்கண்ணே

இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. பேய்க் கதை கட்டுகிறவன் தன்னை வீரனாகக் காட்டிக்கொள்வான். ஊர் பார்க்கக் கோவணத்தோடு கரையேறியவனாகக் காட்ட மாட்டான். நான் அப்படித்தான் ஏறினேன். 1925, ஐப்பசி மாதம், கொள்ளிடக் கரையில். பார்த்த ஐந்து பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

என் பெயர் அப்துல் சலாம். திருச்சி கடைவீதியில் சுருட்டுக் கடை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி கமர் ஜஹான் வாயும் வயிறுமாக இருந்தாள். மசக்கையில் எதைத் தின்றாலும் குமட்டியது. வாளை மீன் மட்டும் வேண்டும் என்றாள். அவளுடைய அண்ணன் சேக் மைதீன் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் பரிசல் ஓட்டுகிறவர். "எங்க அண்ணன் கூடப் போங்க, பெருசா கிடைக்கும்" என்றாள். போனேன்.

வாளை பிடிக்க மச்சானுக்கு ஒரு வழி உண்டு. கெண்டை மீனைத் துண்டு துண்டாக வெட்டித் தகர டப்பாவில் வைத்துக்கொள்வார். நடு ஆற்றில் பரிசலை நிறுத்தி, ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் வீசுவார். அந்த வாடைக்கு வாளை அடியிலிருந்து கிளம்பி வரும். பிறகு தூண்டில் முள்ளில் ஒரு துண்டைக் கோத்துவிட்டால் போதும்.

பரிசல் துறைக்குக் கிழக்கே பெரிய மடு ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொன்னேன்.

"இந்த மடு வேண்டாம் மாப்ளே. கீழே தள்ளிப் போவோம்."

"ஏன் மச்சான்? இங்கதான் பெரிய மீன் கிடக்குன்னு ஊரே சொல்லுது."

மச்சான் துடுப்பை நிறுத்தினார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தேன். நாலு ஆள் ஆழம் போயும் தரை தட்டவில்லை.

முதல் அரை மணி நேரம் நல்ல வேட்டை. இரண்டு வாளை. ஒன்று என் கை நீளம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்தே முக்கால் இருக்கும், ஸ்ரீரங்கத்துக் கோயில் மணிச் சத்தம் ஆற்றைக் கடந்து வந்தது.

அந்தச் சத்தம் அடங்கியதும் ஒரு துண்டை எடுத்து வீசினேன்.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இன்னொன்று வீசினேன். அதுவும் கேட்கவில்லை.

"மச்சான்… துண்டு எங்க விழுது?"

"தூண்டிலைச் சுருட்டுங்க." அவர் குரல் மாறியிருந்தது.

அப்போதுதான் கூப்பிட்டது.

"அண்ணே…"

திரும்பிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் ஒரு பெண்ணின் தலை. கழுத்துவரை தண்ணீர். சின்ன வயதுதான். தலைமயிர் உலர்ந்து கிடந்தது. ஆறு இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அவள் கழுத்தைச் சுற்றி ஒரு சுழிப்புகூட இல்லை. இதெல்லாம் பிறகு நினைத்துப் பார்த்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கூச்சம் மட்டும்தான். ஏனென்றால் அவள் சொன்னாள்:

"உடம்புல துணி இல்லண்ணே. திரும்பிக்கிடுங்க."

சட்டென்று திரும்பிக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மச்சான் ஏற்கெனவே திரும்பியிருந்தார்.

குளிக்க இறங்கி ஆற்றில் இழுபட்டவள் என்று நினைத்தேன். "பயப்படாதம்மா. பரிசல்ல ஏறிக்க" என்றேன்.

மச்சான் என் காதருகே, "வேண்டாம் மாப்ளே. போயிடுவோம்" என்றார்.

"பொம்பளைப் புள்ளையை ஆத்துல விட்டுட்டா?"

என் தோளில் துண்டும் இல்லை. கைலியை அவிழ்த்து, திரும்பாமலே பின்னால் வீசினேன். அதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. நாலு ஆள் ஆழம். இவள் எதன்மேல் நிற்கிறாள்?

தலையைத் திருப்பப் போனேன்.

"திரும்பாதீங்கண்ணே."

குரல் என் பிடரியில் கேட்டது.

தண்ணீரிலிருந்து பரிசலில் ஏறுகிறவர்கள் விளிம்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பரிசல் அந்தப் பக்கம் சாயும். அன்று சாயவில்லை. மட்டமாக அப்படியே ஒரு சாண் கீழே இறங்கியது.

மச்சான் துடுப்புப் போட்டார். பரிசல் என்றால் சுற்றிச் சுற்றித்தான் போகும். அன்று சுற்றவே இல்லை. நேராகப் போனது.

பின்னால் சொட்டு… சொட்டு… என்று சத்தம்.

"கரை வந்துடுச்சாண்ணே?"

"கிட்டத்தான்மா."

சொட்டு…

"கரையில ஆம்பளைங்க நிக்கிறாங்களா?"

பார்த்தேன். "அஞ்சு பேரு நிக்கிறாங்க."

சொட்டுச் சத்தம் நின்றது.

"அப்ப நான் வரலை."

பரிசல் மேலே எழும்பியது.

யாரும் குதித்த சத்தம் இல்லை. திரும்பினோம். யாரும் இல்லை. அவள் உட்கார்ந்த இடம் காய்ந்து கிடந்தது. கைலியைக் காணோம்.

கரைக்கு வந்தோம். அந்த ஐந்து பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் திரும்பாமலே கத்தினார்: "வெட்கங்கெட்டவனுங்களா! ஒரு பொண்ணை இந்தக் கோலத்துலயா கூட்டிட்டு வருவீங்க?"

"யாருமே இல்லைங்களே…" என்றேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையும் கோவணமுமாக நான் நின்றேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பேச்சு கடைவீதிக்கு வந்துவிட்டது. சுருட்டு வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கமர் சிரிக்கவில்லை. "கைலி எங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணன் வந்து ஆமான்னு சொல்லட்டும். நம்புறேன்."

மச்சானைக் கூட்டி வந்தேன். வாசலில் நின்றார். தரையைப் பார்த்தார். வாய் திறக்காமல் போய்விட்டார். அன்றைக்கே கமர் தாய் வீட்டுக்குப் போனாள்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு எனக்காகச் சாட்சி சொல்ல யாராவது இருப்பார்களா என்று ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே வியாகுலம்மாள் என்று ஒரு அம்மா, வெள்ளத்தில் ஒதுங்கும் விறகைப் பொறுக்கி விற்பவர். நான் சொன்னதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை.

"போன வருஷம் ஆடியில பெருவெள்ளம் வந்துச்சுல்ல? அந்த மடுவுக்கிட்ட ஒரு மரம் வந்து சிக்கி நின்னுச்சுங்க. அதுமேல ஒரு பொண்ணு. எந்த ஊரோ. கட்டியிருந்த துணியை வெள்ளம் உருவிட்டுப் போயிருச்சு. கரை பூரா ஆம்பளைங்க. ஒரு பரிசல் கிட்டப் போச்சு. திரும்பிக்கிடுங்கண்ணே, நான் ஏறிக்கிறேன்னு அது கத்துச்சு. பரிசல்காரரு மரியாதைப்பட்ட மனுஷன், திரும்பிக்கிட்டாரு. கரையில நின்னவங்களும் திரும்பிக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பார்த்தா மரம் மட்டும் நின்னுச்சு."

"யாரு பரிசல்?"

அந்த அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார். "உங்க மச்சான் சொல்லலையா?"

இதை நான் மச்சானிடம் கேட்கவில்லை. ஆனால் நான் கரைக்குப் போய் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் அவரே கமரைக் கொண்டுவந்து விட்டார். "மாப்ளை பொய் சொல்லலை" என்றார். அவ்வளவுதான். பரிசலை விற்றுவிட்டு மன்னார்புரம் பக்கம் வண்டி ஓட்டப் போய்விட்டார். பெருநாளைக்கு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை.

வியாகுலம்மாள் கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் பிள்ளைத்தாய்ச்சி என்பதால் கமரிடம் நான் சொல்லவில்லை. நாலாம் நாள் அந்த உடம்பு கிழக்கே ஒரு திட்டில் ஒதுங்கியதாம். புதைப்பதற்கு முன்னால் துணி சுற்றப் போன பெண்களில் அவரும் ஒருவர்.

மார்மேல் குறுக்கே வைத்து இறுக்கியிருந்த அந்த இரண்டு கைகளையும், நாலு பேர் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லையாம்.