ஐந்தை ஒன்று என்றேன்

போன செப்டம்பரில் மேற்கு நேபாளத்து ஹும்லாவில், வரைபடத்தில் பெயரே இல்லாத 6,124 மீட்டர் மலையொன்றுக்குப் போனோம். ஆசை சுதன் அண்ணாவுடையது. அவர் நோர்வேயின் பேர்கனில் ஆஸ்பத்திரி நேர்ஸ், வயது நாற்பத்தெட்டு. முழங்கால் சத்திரசிகிச்சைக்கு முன் இதுதான் கடைசி மலை என்று இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து வைத்திருந்தார். நான் ஒட்டிக்கொண்டு போனவன்.

ஒஸ்லோவிலிருந்து காத்மாண்டு, பிறகு நேபாள்கஞ்ச், அங்கிருந்து சின்ன விமானத்தில் சிமிகோட். முகிலால் விமானம் பறக்காமல் நேபாள்கஞ்சில் இரண்டு நாள் நுளம்புக்கடியோடு கிடந்தோம். சிமிகோட்டிலிருந்து ஆறு நாள் நடை. ஆளுக்கு 64,000 குரோனர் முடிந்தது.

மேல்முகாம் 5,450 மீட்டரில். வழிகாட்டி பசாங் மாலையில், உயரத்தால் வரும் தலையிடிக்குப் பத்துக்குள் ஓர் இலக்கம் கேட்பார். பூச்சியம் என்றால் சுகம், நாலுக்கு மேல் என்றால் அடுத்த நாள் ஏற விடமாட்டார். எனக்கு ஐந்து. ஒன்று என்றேன். ஒஸ்லோப் பள்ளியில் பனிச்சறுக்கு நாட்களில் குளிருது என்று குடிலுக்குள் கொக்கோ குடித்துக்கொண்டிருந்த தமிழ்ப்பிள்ளை நான். அந்த வெட்கம் முப்பது வயதிலும் விடவில்லை.

காலை ஐந்துக்கு மூவரும் ஒரே கயிற்றில் புறப்பட்டோம். 5,930 மீட்டரில் என் கால்கள் பின்னத் தொடங்கின. வாந்தியும் வந்தது.

"தம்பி, உண்மையைச் சொல். நேற்று எத்தினை?"

"ஐஞ்சு, அண்ணா."

அவர் உச்சியை ஒருக்கா பார்த்தார். "சரி, இறங்குவம்."

பசாங் என்னை இறக்கவேண்டும், பனிவெடிப்புகளுக்கிடையில் அண்ணாவைத் தனியே விட முடியாது. நான் உண்மை சொல்லியிருந்தால் சமையல்காரரோடு முகாமில் படுத்திருப்பேன், அண்ணாவும் பசாங்கும் ஏறியிருப்பார்கள். மறுநாள் பனி கொட்டியது. வேறு நாள் கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்கு: நேபாள்கஞ்சுக்கு மேலதிகமாக மூன்று நாள் ஒதுக்குங்கள். இரண்டு வழிகாட்டிகள் வையுங்கள், நாங்கள் செலவைப் பார்த்து ஒருவரோடு நின்றோம். தலையிடியை மறைக்காதீர்கள்.

சத்திரசிகிச்சை முடிந்தபின் பேர்கன் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் நேர்ஸ் எல்லோ. அண்டைக்குப் பின்னேரமே உன்ரை முகத்தைப் பாத்தனான், பொய் சொல்லுறாய் எண்டு விளங்கினது. மேலை போற ஆசையிலை கேக்காமல் விட்டனான். நீ செத்திருந்தால் நான் என்ன செய்யிறது?"

அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.